இல்லற நூற்கல்வியும் ஆற்றுப்படுத்துங் கலையும்

சர்வகலாசாலையிற் கற்பிக்கத்தக்க பொருள் யாது, தகாத பொருள் யாது என்னும் வினா புதியதன்று. தாய்மொழியைக் கற்பதற்கும் ஒரு பட்டம் வேண்டுமோ என்று ஒரு காலத்திற் கேட்டார்கள். பயிர்த்தொழிலைப் புத்தகத்திற் படிப்பதாவது என்று பின்னர் நகைத்தார்கள். இவ்விரண்டும் இன்று மறுப்பின்றி நிலைபெற்றுவிட்டன. அந்நகைப்புக்கு இப்பொழுது இலக்காகி நிற்பது குடும்ப உறவுகளைப் பற்றிய கல்வியும், அதனோடிணைந்த ஆற்றுப்படுத்துங் கலையுமாம். ‘புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்த்து வைக்க மூன்று வருஷம் பணங்கட்டிப் படிக்க வேண்டுமா?’ என்று நம் பரமத்தி வேலூர்ப் பெரியவர் ஒருவர் கேட்பாராயின், அவருக்கு உடனே விடை கூறிவிடுதல் எளிதன்று. ஏனெனில் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் நமது அபிப்பிராயத்தைச் சொல்லப் புகுகின்றோம்.

காவிரியின் வடகரையில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் செழித்த இவ்வூர்ப் பக்கத்தில், குடும்பப் பிணக்குத் தீர்ப்பவர்க்கு எக்காலத்தும் பஞ்சமிருந்ததில்லை. அப்பாருவும் அமுச்சியும் இருந்தார்கள். தாய்மாமன் இருந்தான், அவன் சொல்லுக்கு இரு வீட்டிலும் மதிப்பு உண்டு. மணச் சடங்கை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் இருந்தார்; அவர் தாமும் இல்லறத்தில் நெடுநாள் நின்று, முறைப்படி அந்நிலைக்கு உயர்ந்தவராதலின், தாம் கட்டிவைத்த இல்லறம் குலையுமிடத்து அவர் வந்து கேட்பதை எவரும் அந்நியத் தலையீடாகக் கொள்ளவில்லை. இவர்களுக்கு மேல் ஊர்ப் பஞ்சாயத்து. இவ்வளவு பேர் இருக்கையில் நூல் கற்றுப் பட்டம் பெற்று வருபவர்க்கு என்ன வேலை?

தமிழ் நூல் வழக்கும் இப்பெரியவர் பக்கமே நிற்பதுபோல் தோன்றும். தொல்காப்பியனார் கற்பியலிலே தலைவன் தலைவியரிடை ஊடல் நேர்ந்தவிடத்துத் தூது செல்லுதற்குரியாரை ‘வாயில்கள்’ என்று பெயரிட்டு, தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரை எண்ணுகின்றார். தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர் முதலியோரெல்லாம் இப்பன்னிருவருள் அடங்குவர். வீட்டிற்கு வந்த விருந்தினனும், வழியே போய்க் கண்டவனும் கூட வாயிலாகலாம் என்பது எத்துணை நுட்பமான உலகியலறிவு! விருந்தினர் வந்த வீட்டில் சண்டை ஓய்வதை நாம் கண்டதில்லையா?

ஆயினும் அவ்விலக்கணத்தை உற்று நோக்குவார்க்கு மற்றொன்றும் புலனாகும். வாயில்களிற் பெரும்பாலார் தலைவன் பொருட்டே வருகின்றனர். பரத்தையிற் பிரிந்து மீண்டவனை ஏற்றுக்கொள் என்பதே அவர் சொல்லின் சாரம். தலைவி வருத்தம் அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஆதலின் அவளுக்கு மட்டும் வாயில் நேர்தலோடு வாயில் மறுத்தலும் உரிமையாயிற்று. ‘நீ உள்ளே வாராதே’ என்று தலைவனைத் தடுத்து நிறுத்த அவளால் இயன்றது. பின்னாளில் நம் குடும்பங்களில் வாயில்கள் பலர் எஞ்சினர். வாயில் மறுக்கும் தோழி எஞ்சவில்லை. மாமனும் பாட்டனும் பஞ்சாயத்தாரும் கூடி, இரவெல்லாம் பேசி, விடியற்காலையில் அப்பெண்ணை நோக்கிச் சொல்லும் முடிவுச் சொல் ஒன்றே: ‘அனுசரித்துப் போ அம்மிணி.’ அடிபட்டு வந்தவளுக்கும் அதுவே. கணவன் குடியால் நிலம் இழந்தவளுக்கும் அதுவே. எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுப்பவனை வைத்தியன் என்று நாம் மதிப்பதில்லை.

இது நிற்க. பழைய வாயில்களுங்கூட இன்று தம் நிலையில் இல்லை. நாமக்கல் வட்டாரத்து ஆடவரிற் பலர் லாரித் தொழிலை மேற்கொண்டு வடநாட்டுச் சாலைகளில் வாரக்கணக்காகத் திரிகின்றனர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளிற் செல்வோர் மாதக்கணக்கில் வேற்று மாகாணங்களில் தங்குகின்றனர். ஊடலுக்கு இருவர் வேண்டுமே. ஒருவர் நாகபுரியில் இருந்தால் ஊடல் டெலிபோனில் நடக்கிறது, அதற்குச் சாட்சியும் இல்லை, சமாதானம் செய்வாரும் இல்லை. வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை தவறும் மாதத்தில் வீட்டிற் சொல் தடிப்பதை இப்பக்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பப் பிணக்கு என்று பெயர் பெறுவனவற்றுள் பாதி, கணக்குப் புத்தகத்தில் தொடங்குவன.

பெண் கிடையாமையும் ஒரு பெருங் காரணம். 1991ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், அன்று நாமக்கல்லும் வேலூரும் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவில், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 850 பேரே இருந்தனர். அவ்வவமானத்தின் பொருட்டே 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பெற்றது. அன்று பிறவாமற் போன, அல்லது பிறந்தும் வாழாமற் போன பெண்களின் வெற்றிடம், இன்று முப்பத்தைந்து வயதைக் கடந்தும் மணமாகாது நிலத்தோடு நிற்கும் ஆடவர் உருவில் நம் கண்முன் உலவுகின்றது. அன்னாரிற் சிலர் தரகர் வழியாகக் கேரளத்திற் பெண் கொள்ளுகின்றனர். மொழி வேறு, உணவு வேறு, தாய்வீடு மலைக்கு அப்பால். அப்பெண்ணுக்கு இவ்வூரில் வாயில் யார்? தாய்மாமனா, அருமைக்காரரா? அவள் பக்கம் பேசும் பழைய உறவு ஒன்றேனும் இங்கே உண்டா?

இன்னும் ஒன்று சொல்லாது விடுதற்கில்லை. அண்ணன் தங்கைப் பிணக்கு நம் தகப்பனார் காலத்தில் அருமையாயிருந்தது. இன்று சார்பதிவாளர் கச்சேரி வாசலிலே நாடோறும் காணலாம். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் அதற்குப் பின் மணக்கும் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனோடொத்த உரிமை கொடுத்தது. 2005இல் மத்திய சட்டமும் அவ்வழியே திருந்திற்று. 2020இல் சுப்ரீம் கோர்ட்டு, 2005இல் தந்தை உயிரோடிருந்தாரா இல்லையா என்பதைப் பாராமலே மகளுக்கு அவ்வுரிமை பிறப்பால் உண்டென்று தீர்ப்பளித்தது. சட்டம் இங்ஙனம் தெளிவாயிற்று. ஆனால் விடுதலைப் பத்திரத்திற் கையெழுத்திடு என்று அண்ணன் வந்து நிற்கும்போது, இட்டால் தன் பிள்ளைகள் கேட்பார்கள், இடாவிட்டால் தாய்வீட்டுச் சீர் நின்றுபோம், பொங்கலுக்கு வாசல் அடைபடும் என்று திகைத்து நிற்கும் தங்கைக்கு எந்தச் சட்டப் பிரிவு துணை வரும்? வக்கீல் உரிமையைச் சொல்வார். மாமன் உறவைச் சொல்வார். இரண்டையும் ஒருசேர எடுத்து வைத்து, அவளே எண்ணி முடிவு செய்ய ஒரு மணி நேரம் பொறுமையோடு உட்கார்ந்திருப்பவர் யார்? அவரையே நாம் ஆற்றுப்படுத்துவோர் என்கின்றோம்.

இச்சொல்லின் பொருத்தம் நோக்கத்தக்கது. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்வரும் வறிய பாணனுக்குத் தான் நடந்த வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. வழி காட்டுவான், தூக்கிச் செல்ல மாட்டான், நடப்பவன் மற்றவனே. யாழ்ப்பாணத்தார் இதனையே ‘உளவளத்துணை’ என்று வழங்குகின்றனர். அங்கே 1987இல் தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனம், போரினாற் சிதைந்த குடும்பங்களிடையே அத்துணையைக் கொண்டு சென்றது. துணை என்னும் சொல்லும் அழகியதே. எனினும் கொங்கு நாட்டில் கபிலர்மலையின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கு, பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அரசர் வாயில்தோறும் நடந்த கபிலரை நினைக்குந்தோறும் ஆற்றுப்படை என்னும் சொல்லே நெஞ்சில் நிற்கின்றது.

இக்கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்பார்க்கு ஒரு வார்த்தை. மேல்நாட்டிலும் இது நெடுங்காலத்துச் சரக்கன்று. 1920களில் எர்னஸ்ட் குரோவ்ஸ் என்னும் ஆசிரியர் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் மண வாழ்க்கையைப் பாடமாக நடத்தத் தொடங்கியபோது அங்கும் நகைத்தவர் பலர். இங்கிலாந்தில் 1938இல் மணவாழ்க்கை வழிகாட்டுச் சபையைக் கூட்டினவர் ஹெர்பர்ட் கிரே என்னும் பாதிரியார். அதனை வளர்த்தவருள் ஒருவரான டேவிட் மேஸும் மெதடிஸ்டு போதகரே. குருமார் தம் மக்களின் துயரைத் தனியறையிற் கேட்டுக் கேட்டு, உபதேசம் மட்டும் போதாதென்று கண்டபின் தோன்றியது அது. அச்சபை 1988இல் ‘ரிலேட்’ என்னும் பெயரை ஏற்றது.

அங்குக் குற்றமும் உண்டு. 1930இல் லாஸ் ஏஞ்சலீஸில் குடும்ப உறவு நிலையம் தொடங்கிய பால் போப்பினோ என்பவர், ‘தகுதியற்றவர்’ பிள்ளை பெறாதபடி மலடாக்க வேண்டும் என்று வாதித்த கூட்டத்தைச் சார்ந்தவர். அவருடைய நிலையத்தின் பெயரால் 1953 முதல் ஒரு மாதர் சஞ்சிகையில் வெளிவந்த தொடர் பெரும் புகழ் பெற்றது. ‘இம்மணத்தைக் காப்பாற்றக் கூடுமா?’ என்பது அதன் தலைப்பு. காப்பாற்றப்பட வேண்டுவது மணம் என்று முன்னரே முடிவு செய்தாயிற்று. அதற்குள் இருக்கும் மனிதரைப் பற்றிய கேள்வி பின்னர்தான். நம் ஊர்ப் பஞ்சாயத்தின் ‘அனுசரித்துப் போ’வுக்கும் இதற்கும் உடையில் மட்டுமே வேறுபாடு. நூற்கல்வி என்பதனாலேயே ஒன்று தூயதாகிவிடாது என்பதை இவ்விஷயத்தைப் படிக்கும் மாணவர் முதல் வாரத்திலேயே அறிதல் நலம்.

நம் தேசத்தில் இத்துறைக்கு வித்திட்டவருள்ளும் மிஷன் ஊழியர் இருந்தனர். பம்பாயில் நாகபாடாச் சேரியில் வேலை செய்துவந்த கிளிபர்டு மான்ஷார்டு என்னும் அமெரிக்க மிஷனரி, 1936இல் தாதா தர்ம நிதியின் உதவியால் தொடங்கிய சமூகத் தொண்டுக் கல்லூரியே இன்றைய தாதா சமூக விஞ்ஞான நிலையம். 1937இல் குழந்தைகளுக்கு நெறிகாட்டும் மருத்துவ நிலையமொன்று அங்கே ஏற்பட்டது. மான்ஷார்டுக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் தமிழர், ஜே. எம். குமரப்பா, கிராமக் கைத்தொழிலுக்கு உழைத்த ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தார்.

ஆனால் எமக்கு மிகவும் உவப்பான உதாரணம் மற்றை வேலூரில் இருக்கின்றது. (தபால்காரர்களை நெடுங்காலம் வருத்திவரும் இப்பெயரொற்றுமை ஈண்டு ஒருமுறையேனும் பயன்படட்டும்.) அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1957இல் மனநல நிலையம் ஒன்று பாகாயத்தில் ஏற்பட்டது. அதனை உருவாக்கிய டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார், நோயாளி தனியே வரலாகாது, குடும்பத்தார் ஒருவரேனும் உடன் தங்கவேண்டும் என்னும் முறையை அங்கே நிலைநாட்டினார். அதே காலத்தை அடுத்து அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் ஆஸ்பத்திரி வெளியிற் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். மேல்நாட்டிலே சித்தம் கலங்கியவர்களைக் குடும்பத்தினின்றும் பிரித்து உயர்ந்த மதிலுக்குள் அடைத்து வைத்த காலம் அது. சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் பக்கத்தில் இருந்த தாயும் மனைவியும், நோய் இன்னதென்று அங்கேயே கற்றுக்கொண்டனர். வீடு திரும்பியபின் ‘பேய்’ என்று மிளகாய்ப் புகை போடுவது குறைந்தது. குடும்பத்தை நோயின் காரணமாக மட்டும் காணாமல் மருந்தின் ஒரு பகுதியாகவும் காணும் இம்முறை நம் மண்ணிலே விளைந்தது. இதனைக் கடல் கடந்து வந்த சரக்கு என்று ஒதுக்கல் எங்ஙனம்?

நாமக்கல் வட்டாரத்தாருக்கு இன்னும் அணித்தான சான்று உண்டு. எச்.ஐ.வி. நோய் பரவிய காலத்தில் நாமக்கல் மிகுந்த பாதிப்புடைய ஜில்லாக்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. லாரிக்காரர் என்றாலே விலகிச் சென்ற நாட்கள் அவை. அக்கொடுமையைப் பேசின் இடம் போதாது. அந்நாளில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று ஓர் அறை திறந்தார்கள். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் வந்தவரோடு தனித்துப் பேசுவதற்கென்றே ஒருவர் அவ்வறையில் அமர்ந்தார். நம் பக்கத்துச் சாதாரண ஜனங்கள் ஆற்றுப்படுத்துவோர் என்னும் உத்தியோகத்தாரை முதன்முதல் நேரிற் கண்டது பெரும்பாலும் அவ்வறையிலேதான். கணவனுக்கு நோய் என்று மனைவிக்கு எவ்வாறு சொல்வது, கருவுற்றவளுக்கு எதை முதலிற் சொல்வது, மாமியாருக்கு எதைச் சொல்லாதிருப்பது என்பவற்றை மாமனும் பஞ்சாயத்தும் தீர்த்திருக்க முடியுமா? ஊர் கூடித் தீர்க்கும் வழக்குக்கு ஊரறிவது பலம். இங்கோ ஊரறிவதே நாசம். இரகசியம் காத்தல் என்பது இத்தொழிலின் முதற் கருவி. உறவினர் எத்துணை நல்லவராயினும் அக்கருவி அவர் கையில் இல்லை. நம்பிக்கை மையத்தில் அமர்ந்தவர் ஒப்பந்தச் சம்பளத்தில், வருஷா வருஷம் வேலை நிலைக்குமோ என்று அஞ்சிக்கொண்டே இப்பணியைச் செய்தனர் என்பதையும் குறித்தல் வேண்டும்.

இனித் தேவையின் அளவு. தேசியக் குற்றப் பதிவு நிலையத்தின் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாடு முழுவதற்குமான அத்தொகையில் 31.7 வீதத்துக்குக் குடும்பப் பிரச்சினையும், 4.8 வீதத்துக்கு மணவாழ்க்கைப் பிரச்சினையும் காரணமெனக் குறித்திருக்கின்றனர். தேர்வில் தோல்வி, கடன், நோய் ஆகிய ஒவ்வொன்றும் இதற்குப் பின்னரே. போலீஸார் எழுதும் காரணம் முழு உண்மை ஆகாது என்பதை நாம் அறிவோம். பாதியே உண்மையென்று கொள்ளினும் அது ஒரு சிற்றூரையல்ல, பல சிற்றூர்களை வெறுமையாக்கப் போதிய தொகை.

சட்டம் இத்தேவையைச் சர்வகலாசாலைகளுக்கு முன்னரே உணர்ந்துவிட்டது. 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிக்குமுன் சமாதானத்துக்கு முயலுதல் நீதிபதியின் கடமை என்றும், அதற்கு ஆலோசகர்களை நியமித்தல் மாகாண சர்க்காரின் கடமை என்றும் விதித்தது. 2005ஆம் வருஷத்து வீட்டுக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2006இல் வகுத்த விதிகள் இன்னும் கூர்மையானவை. வழக்கிற் சம்பந்தமுடையாரும் கட்சிக்காரரின் உறவினரும் அங்கே ஆலோசகராகப் பொதுவில் நியமனம் பெறார். அடித்தவன், ‘இன்ன காரணத்தால் அடித்தேன்’ என்று அவ்வறையில் நியாயம் பேச இடமில்லை. இனி அடியேன் என்று உறுதி கூறிய பின்னரே மேற்பேச்சு. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தோழியின் வாயில் மறுப்பு சர்க்கார் கெஜட்டில் மீண்டும் பிறந்ததாகவே இவ்விதியை வாசிக்கும்போது எமக்குத் தோன்றிற்று.

விதி இருக்கின்றது; அவ்வறையில் அமர்பவர் அதனை அறிந்திருக்கின்றாரா? மூன்று மாதத்துச் சர்ட்டிபிகேட் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு ‘கவுன்ஸிலர்’ என்று பலகை தொங்கவிடுவாரும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இருபது நிமிஷத்தில் இருவரையும் அதட்டி ஒரு காகிதத்திற் கையெழுத்து வாங்குவதைக் ‘கவுன்ஸிலிங்’ என்பாரும் பெருகிவிட்டனர். இவர்களால் நேரும் கேட்டைக் கண்டே, 2021இல் இயற்றிய துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டத்தின் அட்டவணையில் பலவகை ஆலோசகர்களும் இடம் பெற்றிருப்பதை நாம் வரவேற்கின்றோம். கல்வித் தகுதியை வரையறுக்க வேண்டுமாயின் அக்கல்வியைச் சர்வகலாசாலை கற்பித்தே தீரவேண்டும். சேலம் பெரியார் சர்வகலாசாலையில் உளவியற்றுறை இருக்கின்றது. வேலூரிலேயே கந்தசாமிக் கண்டர் கல்லூரி 1967 முதல் இப்பக்கத்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கி வருகின்றது. ஆதலின் இடத்துக்குக் குறைவில்லை.

பாடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் நமக்கு ஓர் உறுதியான கருத்துண்டு. கார்ல் ராஜர்ஸ் முதலிய மேல்நாட்டாசிரியர் நூல்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் மாணவரால் ஒரு பயனும் விளையாது. ராஜர்ஸ் கற்பித்ததில் தலையாயது, எதிரிலிருப்பவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாது கேட்டலே. நம்மிற் பெரும்பாலார்க்கு அதைவிட அரியது வேறில்லை. கேட்பதற்கு முன்னே புத்தி சொல்லும் ஜாதி நாம். ஆகவே பாதி வகுப்பு வெளியில் நடக்க வேண்டும். மாணவர் பத்திரப்பதிவுக் கச்சேரியிற் சென்று விடுதலைப் பத்திரம் ஒன்றை வாசித்தறிய வேண்டும். வண்டிக்கடன் தவணைக்கணக்கைப் போடத் தெரிய வேண்டும். கொடிக்காற் குத்தகை எவ்வாறு நடக்கின்றது, பங்காளி என்றால் யார், மாமன் மச்சான் முறை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பவை தெரியாதவர் இப்பக்கத்தில் வாய் திறவாதிருத்தல் நலம். சட்டம் ஒரு பாடமாகவே இருத்தல் வேண்டும். எவ்வழக்கில் சமாதானம் பேசலாகாது என்பதை அறியாதவர் கையில் இக்கலை ஆயுதமாகிவிடும். சொந்த ஊரிலேயே, சொந்த உறவினரிடையிலேயே பயிற்சி பெறுதலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் எமது கருத்து. வேலூர்ப் பிள்ளைகள் இராசிபுரத்துக்குச் செல்லட்டும், இராசிபுரத்தார் இங்கு வரட்டும்.

‘இதைப் படித்த பெண்ணை யார் கட்டுவார்?’ என்று சில தாய்மார் கேட்பதுண்டு. கணவனைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வாள் என்னும் அச்சம் போலும். ஆண்பிள்ளைகள் இவ்வகுப்பிற் சேராமையே எமக்குப் பெருங்கவலை. லாரியோட்டும் கணவன் தன் மனத்தை ஓர் இளம்பெண்ணிடம் திறப்பானா? அவனுக்கு அவன் பேச்சறிந்த ஓர் ஆடவன் வேண்டும். இக்கல்விக்கு ஆடவரை இழுக்கக் கல்லூரிகள் உதவிச் சம்பளம் ஏற்படுத்தினாலும் தகும்.

அறை எங்கே அமைவது என்பது சிறு விஷயம்போற் காணப்படும், அன்று. போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அருகில் வேண்டாம். கோயில், மாதாகோயில், பள்ளிவாசல் வளாகங்களிலும் வேண்டாம். மதத்தாற் பிறிதொருவர் தயங்குவர். வேலூர்ப் பஸ் நிலையத்தின் பக்கம், பலசரக்குக் கடைகளின் நடுவே, மாடிப்படி ஒன்றிருந்தால் போதும். சந்தைக்கு வந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி, ஒரு மணி நேரம் இருந்து, வீட்டிற் கேட்பார்க்கு ‘பஸ் தாமதமாயிற்று’ என்று சொல்லும்படியான இடம் அதுவே. ஞாயிற்றுக்கிழமையும் அது திறந்திருத்தல் வேண்டும்; வண்டிக்காரர் வீட்டில் இருக்கும் நாள் எதுவென்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.